இருநூற்றுப் பன்னிரண்டாம் மூட்டை

நான் எழுதிய முதல் புரோகிராமை என்னாலேயே படிக்க முடியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஊரில் எட்டாவது வரை படித்தேன். பிறகு மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை. முன்வாசல் கடைத்தெருவில், பின்வாசல் காயலில். முன்வாசலில் வரும் மூட்டை பின்வாசலில் வள்ளம் ஏறிக் கப்பலுக்குப் போகும். நடுவில் நான். வந்தது எத்தனை, போனது எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். அங்கே நோட்டு எழுதுகிறவனுக்கு ஒரே சட்டம்தான். இரண்டு வரிக்கு நடுவில் காலி வரி விடக்கூடாது. விட்டால் எவனாவது பிறகு அதில் ஒரு மூட்டையை நுழைத்துவிடுவான். ஒன்பது வருஷம் காலி வரி விடாமல் எழுதினேன்.

எண்பதுகளின் நடுவில் சின்ன முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அவர் அப்பா, பெரிய முதலாளி, ஒரு வருஷம் கெடு கொடுத்தார். அதற்குள் ஒரு கப்பலாவது இதனால் தவறிப்போனால் கம்ப்யூட்டரைக் காயலில் போடுவேன், ஓட்டுகிறவனைத் திரும்ப ஊருக்கு ரயில் ஏற்றுவேன் என்றார். ஓட்டுகிறவன் நான். (கையெழுத்து சின்னது, பேச்சு குறைவு. வேறு தகுதி யாரும் கேட்கவில்லை.)

எர்ணாகுளத்திலிருந்து ஜேக்கப் என்று ஒருவர் வந்து நாலு நாள் 'பேசிக்' என்கிற கம்ப்யூட்டர் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எண் போட வேண்டும். அந்த எண் வரிசைப்படிதான் மெஷின் வேலை செய்யும். அவர் பத்து, இருபது, முப்பது என்று போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. படித்தவர், கொஞ்சம் ஊதாரி என்று நினைத்தேன். அவர் படகு ஏறியதும் நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன். நடுவில் எவனும் நுழைய முடியாது.

மெஷின் படிக்காத, மனுஷனுக்காக மட்டும் எழுதுகிற குறிப்பு வரி என்று ஒன்று உண்டு என்றும் சொல்லியிருந்தார். மனுஷனிடம் நான் நேரிலேயே அதிகம் பேசுவதில்லை. அதனால் அதையும் விட்டுவிட்டேன். மூட்டை எண்ணுக்கு கே என்று பேர் வைத்தேன். தரத்துக்கு கே1. துறைமுகத்துக்கு கேகே. ஏன் கே என்று இப்போது தெரியாது. அப்போது தெரிந்தது.

புரோகிராம் செய்கிற வேலை சின்னதுதான். மூட்டைக்கு ஒரு சீட்டு அச்சடிக்கும். அதில் மூட்டை எண், தரம், போகிற துறைமுகம். அதைக் கோணி ஊசியால் மூட்டையில் தைப்பார்கள். நாலு மாசம் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் உள்ளே இருக்கும்போதும் கழற்றினார்கள். அது என் தலையில் ஏறிவிட்டது.

ஐந்தாம் மாசம் அறுநூறு மூட்டைக்கு ஒரு ஆர்டர். கப்பலுக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வாங்குகிறவரிடமிருந்து செய்தி வந்தது. 211 மூட்டை சொன்ன துறைமுகத்துக்கு. 212 முதல் மீதி வேறு துறைமுகத்துக்கு. சீட்டிலும் அப்படியே வேண்டும்.

ஒரு வரி நுழைத்தால் போதும். 37க்கும் 38க்கும் நடுவில். அங்கே இடம் இல்லை. நான்தான் விடவில்லையே.

ஆகவே சுற்றுவழி போட்டேன். 37ல் வந்து 211 தாண்டியிருந்தால் 900ஆம் வரிக்குப் போ. அங்கே புதுத் துறைமுகம் போட்டு அச்சடி. பிறகு திரும்பி வா. எங்கே திரும்பி வருவது என்று பார்த்தேன். எனக்கே புரியவில்லை. எல்லாம் கேயாக இருந்தது. ஒரு குத்துமதிப்பாக 40க்குத் திரும்பச் சொன்னேன். 39க்குச் சொல்லியிருக்க வேண்டும். மூட்டை எண்ணோடு ஒன்று கூட்டுவது 39ஆம் வரி; அதைத் தாண்டிப் போனால் எண் ஏறாது.

பிரிண்டரை ஓடவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நின்றிருந்தது. வேலை முடிந்து நின்றது என்று நினைத்தேன். பேப்பர் தீர்ந்து நின்றிருந்தது.

சீட்டுத் தைக்கிறவள் பார்வதி. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்த் தமிழ்ப் பெண். கொஞ்ச நேரத்தில் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சாரே, பாதிக்கு மேல எல்லாத்துலயும் ஒரே நம்பரா இருக்கே."

"மெஷின் தப்புப் பண்ணாது."

"அப்ப சரி."

போய்த் தைத்தாள். 389 மூட்டைக்கும் தைத்தாள். சீட்டு நிறைய மிச்சம் இருக்கிறது என்று திரும்ப வந்து சொன்னாள். கிழிக்காமல் பெட்டியில் மடித்து வை என்றேன். (அந்த நாளில் நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.)

மறுநாள் காலை பின்வாசலில் மூட்டை ஏற்றுவது நடந்தது. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவர் ஹம்சக்கா (அங்கே இக்கா என்றால் அண்ணன்) எண்ணைக் கூப்பிடுவார். கப்பல் ஏஜெண்டின் ஆள் ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்வார். 211 வரைக்கும் பாட்டு மாதிரி போயிற்று. பிறகு ஹம்சக்கா, "இருநூற்றிப் பந்த்ரண்டு" என்றார். அடுத்த மூட்டைக்கும் அதையே சொன்னார். அதற்கு அடுத்ததற்கும். ஏழாவது தடவை ஏஜெண்டின் ஆள் பேனாவை மூடினார். ஹம்சக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஹம்சக்கா மூட்டையைத் திருப்பிச் சீட்டைக் காட்டினார்.

மூட்டையெல்லாம் கப்பலில் அஞ்சு மணிக்குள் ஏற வேண்டும். பெரிய முதலாளி வந்து காயலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேச்சு குறைவில் அவரும் என் ஜாதி.

ஜேக்கப்புக்கு போன் போயிற்று. ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் புரோகிராமைப் படித்தார். மேலே போனார், கீழே வந்தார், திரும்ப மேலே போனார்.

"இந்தக் கே1 எந்தா?"

"தெரியாது."

"யாரு எழுதினது?"

"நான்."

வரி எண்ணில் ஏன் இடமே இல்லை என்று கேட்டார். காலி வரி விட்டால் எவனாவது மூட்டையை நுழைத்துவிடுவான் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு ஒரே ஒரு வார்த்தை அடித்தார். வரியெல்லாம் பத்து, இருபது, முப்பது என்று தானே மாறி நின்றது. சுற்றுவழிகளும் தானே சரியான எண்ணுக்கு மாறின. அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த புத்தகத்தில் இருந்ததாம். சுற்றுவழியை எடுத்துவிட்டு, நடுவில் இருந்த இடத்தில் இரண்டு வரி எழுதினார். மேலே ஒரு குறிப்பு வரியும் எழுதினார். மொத்தம் பத்து நிமிஷம்.

ஆனால் பேப்பர் இல்லை. ஒரு பெட்டி முழுக்க 212 அடித்திருந்தேன். மட்டாஞ்சேரியில் அந்தப் பேப்பர் விற்கிற கடை கிடையாது.

பார்வதிதான் மிச்சப் பெட்டியைத் தூக்கி வந்தாள். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றாள். திருப்பிப் போட்டு அடித்தோம். பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்தார்கள், புதுசைத் தைத்தார்கள். நானும் தைத்தேன். ஊசி என் விரலில் மூன்று தடவை ஏறியது. யாரும் கேட்கவில்லை. அஞ்சுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசி வள்ளம் கப்பலைத் தொட்டது. பெரிய முதலாளி நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு மாசம் கழித்து வாங்குகிறவரிடமிருந்து கடிதம் வந்தது. சரக்கு நன்றாக இருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் 212க்கு என்ன அர்த்தம்?

சின்ன முதலாளி யோசித்தார். அது எங்கள் கிடங்கின் தர முத்திரை, இரண்டு தடவை சோதித்த சரக்குக்கு மட்டும் போடுவது என்று பதில் எழுதினார். அடுத்த ஆர்டர் வந்தது. அதில் ஒரு நிபந்தனை. எல்லா மூட்டையிலும் 212 இருக்க வேண்டும்.

அதற்கும் புரோகிராம் நான்தான் எழுதினேன். இந்தத் தடவை இடம் விட்டு எழுதினேன். குறிப்பு வரியும் எழுதினேன்: "இதை எடுக்காதே." எனக்குப் பின்னால் மூன்று பேர் அந்த வேலைக்கு வந்தார்கள். மெஷின் மாறியது, பாஷை மாறியது, கிடங்கே கை மாறியது. மூன்று பேரும் இது எதற்கு என்று கேட்டார்கள். யாரும் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது, காரணம் யாருக்கும் தெரியாது, ஆனால் மாற்றவும் கூடாது என்கிற எல்லாவற்றுக்கும் பேர் இருநூத்திப் பன்னிரண்டு. கதவுக்குப் பின்னால் நிற்கிற அலமாரி. ஓணத்துக்கு ஓணம் சாப்பிட வருகிற, என்ன உறவு என்று தெரியாத ஒருவர்.

பார்வதியிடம் எங்கள் மகள் ஒருநாள் கேட்டாள். அத்தனை பேர் இருந்த கிடங்கில் அப்பாவைப் போய் ஏன் கட்டிக்கொண்டாய் என்று. பார்வதி கப்பைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருநூத்திப் பன்னிரண்டு," என்றாள்.