மூன்றாம் வரிசையில் தலைவர்

மேடைத் திரையை விரலகலம் விலக்கிப் பார்த்த பாடகர் படக்கென்று அதை இழுத்து மூடினார். மூன்றாம் வரிசையில் அவர் பாடும் பிளாக் மெட்டல் இசைக்குழுவின் தலைவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

"பூப்போட்ட சட்டை வேற போட்டிருக்காருடா!"

"மாறுவேஷம்ணே. உங்கள வேவு பார்க்கத்தான்" என்றான் அன்றைக்கு மட்டும் உடன் வாசிக்க வந்திருந்த கிடார்காரன்.

பன்னிரண்டு வருடங்களாக முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு, சாவையும் சாபத்தையும் மேடை மேடையாக அலறும் குழு அது. அங்கே சிரித்தால் நீக்கம். நீக்கினால் பாடகருக்கு வேறு நாதியில்லை. அப்படிப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை மதியம், பைக் ஓட்டுவோர் சங்க ஆண்டு விழாவில் ஜாலியான பைக் ராக் பாட்டுப் பாடத் திருட்டுத்தனமாக வந்திருந்தார்.

"ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் பாடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

மாட்டினார். திரை விலகியது. பாடினார். ஒரு எழுத்துகூட வெளியே கேட்கவில்லை.

"சத்தம்! சத்தம்!" என்றது கூட்டம்.

மைக்கை ஹெல்மெட்டுக்குள் திணித்தார். 'வண்டியை எடு, வருத்தத்தை விடு' என்ற உல்லாசமான வரி, கல்லறைக்குள்ளிருந்து கேட்பதுபோல் கரகரத்து வந்தது. தலைவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"குரல் காட்டிக்கொடுக்குது! கொஞ்சிப் பாடுங்க, ஆடுங்க!" என்று கிசுகிசுத்தான் கிடார்காரன்.

பாடகர் கொஞ்சினார். இடுப்பை ஆட்டினார். அவரை அறியாமல் அவருக்கே குஷி பிறந்துவிட்டது. மூச்சு வாங்கியதில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. அலங்காரத்துக்கு வட்டமாக நிறுத்தியிருந்த ஏழு பைக்குகளில் முதலாவதன் மேல் போய் மோதினார். ஏழும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சாய்ந்தன. கடைசி வண்டி அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது.

அவர் அலறினார். பன்னிரண்டு வருட அனுபவம் அந்த அலறலில் இருந்தது. ஹெல்மெட் கழன்று உருண்டது.

தலைவர் எழுந்து மனைவியோடு மேடையை நோக்கி வந்தார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றார் பாடகர், காலைப் பிடித்துக்கொண்டே. "இந்தச் சந்தோஷத்தை எல்லாம் இன்னையோட விட்டுடறேன். குழுவை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க."

தலைவரின் மனைவி முந்திக்கொண்டார்.

"அட, உங்களுக்கு இப்படிக்கூடப் பாட வருமா தம்பி? 'பாவம், அலறுறதைத் தவிர அவனுக்கு வேற எதுவும் தெரியாது, நான் விட்டுட்டா எங்க போவான்'னுதானே இவர் பன்னண்டு வருஷமா காதுல பஞ்சை வச்சுக்கிட்டு அந்தக் குழுவை நடத்துறாரு!"