கோலாலம்பூரில் நான் கை நனைத்த கதை

ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டணம் பார்க்கப் போகிறவன் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பசியோடு போகிறவன் பட்டணத்தைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்க்கிறான். அப்படி நான் பார்த்த ஓர் இலையின் பலன், இதை எழுதும்போது அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறது. (எழுதியதைச் சத்தமாகப் படிக்க மாட்டேன். எனக்கும் ராத்திரிச் சாப்பாடு வேண்டும்.)

ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முந்திய சங்கதி. அப்போது நான் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸில் உட்கார்ந்து பேர் பதிகிற வேலை. மீசை அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. அது கொடுத்த தைரியத்தில், கோலாலம்பூரே என் வருகைக்காகக் காத்துக்கிடக்கிறது என்று நம்பினேன்.

கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்த தாய்மாமாதான் இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே சொந்தம். அவர் எனக்கு ஒரு பெண் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த ரயில் கார்டு ஐயாவின் மகள்.

"பொண்ணு இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சிருக்குடா. ஏற்கெனவே ரெண்டு தோட்டத்து மாப்பிள்ளைங்கள வேணாம்னு சொல்லிருச்சாம். பேசவே தெரியலையாம், எல்லாத்துக்கும் தலையத் தலைய ஆட்டுனானுங்களாம்" என்றார் மாமா.

அந்த நிமிஷமே அந்தப் பெண்தான் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். பார்க்காத பெண்ணின் மேல் எப்படி ஆசை வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. மற்ற இரண்டு பேரும் தோற்ற இடத்தில் நாம் ஜெயிக்க வேண்டும் என்கிற வயசு அது. தோட்டத்துக்காரன் என்று நெற்றியில் தெரியக் கூடாது, அவ்வளவுதான். மாமாவுக்கோ மனசு வேறு இடத்தில். கிள்ளானில் ஒரு கங்காணி, கல்வீட்டுக்காரர், அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

"ரெண்டு எடத்தையும் பாத்துட்டுத்தான் முடிவு. அதனால நல்லாக் கேட்டுக்க. கார்டு வீட்டுல ஒரு பருக்கை சோறு உன் வாயில படக்கூடாது. கோப்பி குடி, பலகாரத்தக் கடி. சோத்துல கைய நனைச்சியோ, சம்மதம்னு அர்த்தம். அப்புறம் கங்காணி வீட்டுப் பக்கம் நான் தலை காட்ட முடியாது."

சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் மாமாவுக்கு அது வெறும் வழக்கமில்லை, சட்டம். அந்தச் சட்டத்தைச் சொல்லி மூன்று கல்யாணங்களை அவர் நிறுத்தியிருக்கிறார்.

பெண் பார்க்கிற நாள் ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு. கடையைக் கவனித்துவிட்டு மத்தியான வண்டியில் மாமா வருவார். நான் காலை வண்டியிலேயே கிளம்பினேன். மணிக்கூண்டு, ஆறு, ஏரித்தோட்டம், பயாஸ்கோப், எல்லாவற்றையும் நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று திட்டம். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கண்டக்டர் ஐயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய கறுப்புக் கோட்டை இரவல் வாங்கியிருந்தேன். வலது கையில் ரப்பர்ப் பால் பட்ட கறை ஒன்று மலாயா வரைபடம் மாதிரி இருந்தது. கையை மடக்கி வைத்தால் தெரியாது.

"கோட்டு வரலேன்னா நீயும் தோட்டத்துக்கு வராத தம்பி" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று குமிழும் வளைவுமாக நின்றது. தெரியாமல் சுல்தானின் அரண்மனைக்குள் புகுந்து வந்துவிட்டோம் என்று பதறி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ரிக்‌ஷாக்காரச் சீனர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்துக்காரன் என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

அடுத்து மணிக்கூண்டு. அது பன்னிரண்டு அடிப்பதைக் கேட்டுவிட்டுப் போனால் தோட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்காக எதிரே இருந்த திடலில், உச்சி வெயிலில், கறுப்புக் கோட்டோடு, கையை மடக்கிக்கொண்டு நின்றேன். நான் நின்ற நிலையைப் பார்த்து ஒரு சீக்கியப் போலீஸ்காரர் இரண்டு முறை என்னைச் சுற்றிப்போனார். மணி அடித்தது. கூடவே என் வயிறும் அடித்தது. ஆறு, ஏரித்தோட்டம், பயாஸ்கோப் எல்லாம் அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போயின.

சரி, பிரிக்பீல்ட்ஸுக்கே போவோம், சாப்பிட்ட மாதிரியும் ஆகும், பெண் வீட்டு ஆட்கள் எப்படி என்று தூரத்திலிருந்து நோட்டம் விட்ட மாதிரியும் ஆகும் என்று நடந்தேன். அங்கே போனால் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக நிற்கின்றன. மாட்டுவண்டிக்கு அச்சாணி அடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கேட்டேன்.

"அண்ணே, இங்க நம்ம சாப்பாடு எங்க கெடைக்கும்?"

"பின்பக்கச் சந்துல போ. கடைசி வீடு. போர்டு ஒண்ணும் இருக்காதுலா. கை காலக் கழுவிட்டு உக்காந்தா எலை போடுவாங்க."

எந்தப் பக்கத்துக் கடைசி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிழல் இருந்த பக்கமாகப் போனேன். கடைசி வீட்டின் பின்வாசலில் இரண்டு வாலிபர்கள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் கழுவினேன். அவர்கள் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். நானும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஓர் அம்மாள் வந்து என்னையும் சேர்த்து மூன்று இலை போட்டார். மெஸ் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அவரைக்காய்ப் பொரியல். அப்பளம். தோட்டத்தில் நானே பொங்கி நானே தின்று நாக்கு செத்துப்போயிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்! மூன்று தடவை சோறு வாங்கினேன். பட்டணத்து மெஸ்ஸில் அடிக்கடி சாப்பிட்டுப் பழகியவன் போலக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வேறு.

"அக்கா, இங்க அப்பளம்! இந்தப் பக்கம் கொழம்பு!" என்று அதிகாரம் பண்ணினேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போட்டார். அப்புறம் ரசம் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினேன்.

"ரசம் தண்ணியா இருக்கே! சமையக்காரரக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க!"

உள்ளே ஒரு கரண்டி 'ணங்'கென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த வாலிபனுக்குப் புரையேறியது.

"கணக்கு யார்கிட்ட முடிக்கணும்?" என்று அவனிடம் கேட்டேன். அவன் இருமிக்கொண்டே, "அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்லா" என்றான். கோலாலம்பூர்க்காரர்கள் கோவணத்தை உருவிவிடுவார்கள் என்று தோட்டத்தில் சொன்னவர்களை மனசுக்குள் திட்டினேன். பிறகு இலையை மடித்து, மெஸ் வழக்கப்படி நானே எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். மற்ற இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

ரயில் ஊதுகிற சத்தத்தில் விழித்தேன். கிள்ளான் வண்டி! மாமா! விழுந்தடித்து ஓடினேன். ஸ்டேஷன் வாசலில் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டுப் போட்டுட்டு வரேன்னியே, எங்கடா?"

ஆணியில் கோட்டு தொங்குவது கண்ணுக்குள் தெரிந்தது. அந்த ஆணி எந்த வரிசையில், எந்த வீட்டில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பெண் பார்க்கப் போகிற நேரத்தில் மெஸ்ஸைத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்று மாமா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோட்டு இல்லை. சட்டையில் புளிக்குழம்பு. கண்ணில் தூக்கம். மூன்றாவது தோட்டத்து மாப்பிள்ளையும் ஒழிந்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அழாத குறைதான்.

கார்டு ஐயா வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போனோம். அப்போதுதான் வேலை முடிந்து வந்தவர், வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல், பச்சைக்கொடி காட்டுகிற கம்பீரத்தோடு வரவேற்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தது.

முதலில் சந்தோஷப்பட்டேன். அட, கார்டு ஐயாவும் நம் கண்டக்டர் ஐயாவும் ஒரே தையல்காரரிடம் தைக்கிறார்கள் போலிருக்கிறது! அப்புறம் அதன் வலது கையைப் பார்த்தேன். மலாயா வரைபடம்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"மொதல்லயே சொல்லிடறேங்க. நாங்க கோப்பியோட எந்திரிச்சுடுவோம். கை நனைக்கிற பேச்சே கெடையாது. முடிவானாத்தான் உங்க வீட்டுச் சோத்துல எங்க மாப்பிள்ளை கை படும்."

பலகாரத் தட்டோடு அந்த அம்மாள் வந்தார். என்னைப் பார்த்தார்.

"அடடே, தம்பி! கோட்ட விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு முன்னாடி எடுத்து மாட்டி வச்சேன். நீங்க ரயில் ஷெட்டுல புதுசாச் சேந்த பையன்தானே?" என்றவர் அப்புறம்தான் மாமாவைப் பார்த்தார். "ஐயோ, இவரா மாப்பிள்ளை? மத்தியானமே நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டுப் போனாரே!"

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. கார்டு ஐயாவின் கீழ் வேலை பார்க்கிற கல்யாணமாகாத பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில்தான் சாப்பாடு. அந்த அம்மாள் என்னைப் பையன்களில் ஒருவன் என்று நினைத்திருக்கிறார். பையன்கள் என்னை அந்த வீட்டு உறவுக்காரன் என்று நினைத்திருக்கிறார்கள். அசல் மெஸ் வரிசையின் அந்தக் கோடியில் இருந்தது.

மாமாவின் முகம் சுட்ட கத்தரிக்காய் ஆகிவிட்டது.

"சாப்ட்டியாடா?"

"கொஞ்சம்..." என்றேன்.

"மூணு தடவை சோறு வாங்குனாரு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கோப்பித் தட்டோடு அந்தக் குரலும் பின்னாலேயே வந்தது. தலை குனிந்துதான் வந்தாள். ஆனால் என் அருகில் வந்ததும், உதட்டைக் கடித்தும் பயனில்லாமல், பக்கென்று சிரித்துவிட்டாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் சிரித்து நான் கேள்விப்பட்டதே இல்லை. கேவலத்தில் நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அதே சமயம், இவளை விட்டுவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பிப் போகவே முடியாது என்றும் தோன்றியது.

மாமா சமாளிக்கப் பார்த்தார்.

"இத பாருங்க, அவன் மாப்பிள்ளையா வந்து சாப்பிடலை. வழிப்போக்கனாச் சாப்பிட்டுருக்கான். அதனால இது கணக்குல வராது. நாங்க போயி, யோசிச்சு..."

அதுவரை நான் மாமாவை எதிர்த்துப் பேசியதே இல்லை. எங்கிருந்து வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"மாமா, நான் கை நனைச்சிட்டேன். சட்டம் சட்டம்தான். இனிமே பின்வாங்கினா நம்ம வம்சத்துக்குத்தான் கேவலம்."

கார்டு ஐயா மகள் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"ரசம் தண்ணியா இருக்குன்னு சொன்னாருப்பா."

என் உயிர் போய்விட்டது.

"இருந்துச்சுதான்" என்றாள். "காலையில இருந்து இவங்களுக்குப் பஜ்ஜி போடற வேலையில ரசத்த நான் எங்க பாத்தேன்? முன்ன வந்தவங்க எதக் கேட்டாலும் தலையாட்டுனாங்க. இவரு வாயத் தொறந்து சொன்னாரு."

"எலையக்கூட அவரே எடுத்துப் போட்டாருங்க. உங்க ஷெட்டுப் பையனுங்க ஒரு நாளாவது எடுத்துருக்கானுங்களா?" என்றார் அந்த அம்மாள்.

கார்டு ஐயா மாமாவைப் பார்த்துக் கைகளை விரித்தார். "வண்டி கெளம்பிருச்சுங்க. இனி செவப்புக்கொடி காட்டி என்ன செய்ய? ஒக்காருங்க, நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க."

மாமா சாப்பிட்டார். கோபத்தில் இருந்ததால் நாலு தடவை சோறு வாங்கினார். வண்டியில் திரும்பி வரும்போது வழி நெடுக என்னோடு பேசவில்லை. கிள்ளானில் இறங்கும்போது மட்டும், "கத்தரிக்காய்க் கொழம்பு நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார். கோட்டு பத்திரமாகக் கண்டக்டர் ஐயாவிடம் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலத்தில் நானும் தோட்டத்தை விட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்கே குடிவந்துவிட்டேன்.

இத்தனை வருஷமாக இங்கேயே இருக்கிறேன், ஏரித்தோட்டத்தை இன்னும் பார்த்தபாடில்லை. யாராவது ஒரு நாள் லீவில் பட்டணம் பார்க்க வந்தால், என் பிள்ளைகள், "பின்பக்கமா வாங்க மாமா, கை காலக் கழுவிட்டு உக்காந்தா எலை போடுவாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பாட்டில் நான் லேசாக முகம் சுளித்தாலும் போதும், "அம்மா, சமையக்காரரக் கவனிக்கச் சொல்றாரு!" என்று வீடே கத்தும். கல்யாண நாள்தோறும் என் மனைவி ரசம் ஊற்றிவிட்டு, கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்று என் வாயையே பார்ப்பாள்.

இன்றைக்கு மத்தியானமும் நின்றாள். ரசம் தண்ணியாகத்தான் இருந்தது. இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, இலையை நானே எடுத்துப் போட்டேன்.