எங்கள் கூரை, அவர்கள் முற்றம்

மரியாதைக்குரிய மூத்த மச்சான் அவர்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன். உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி தேவலை. வாய்க்கு எப்போதும்போல ஒரு குறையும் இல்லை. கோவேறு கழுதைக்காரர் கடிதத்துக்காக வாசலில் நிற்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். நீங்கள் கட்டாயம் மலையேறி வந்து எனக்காக நாலு வார்த்தை பேச வேண்டும்.

விஷயம் எங்கள் கூரையைப் பற்றியது. சமவெளியில் கால் நீட்டிப் படுப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே வீடுகள் சரிவில் படிப்படியாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். என் வீட்டு மண்கூரைதான் மேல்வீட்டுக்காரர்களுக்கு முற்றம். அவர்கள் அதில் விறகு பிளக்கலாம், கம்பளி அடித்துத் துவைக்கலாம், பிள்ளைகளைக் குதிக்க விடலாம், எல்லாம் என் தலைக்கு மேலேதான். ஆனால் கூரை பழுதானால் சரிசெய்ய வேண்டியவன் கீழே குடியிருப்பவன். இது ஊர் வழக்கமாம். எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ, அவன் நிச்சயம் மேல்வீட்டில்தான் இருந்திருப்பான்.

போன வாரம் பனி உருகிக் கூரை ஊறிக் கிடந்தது. நான் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். மேலிருந்து மண் உதிர்ந்து துணியில் விழுகிறது. பார்த்தால் மேல்வீட்டம்மா பசுவை வெயிலுக்குக் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள். “ஏம்மா, மாட்டை அந்தப் பக்கம் கட்டக் கூடாதா?” என்று கத்தினேன். “அது பாட்டுக்கு நிக்குது, உங்களை என்ன பண்ணுச்சு?” என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, உத்தரத்துக்கு நடுவே ஒரு கால் வந்தது, பின்னாலேயே இன்னொரு கால், அப்புறம் பசுவே முழுசாக என் வெட்டு மேஜைமேல் வந்து இறங்கியது. மேஜை போயிற்று. பசு எழுந்து உதறிக்கொண்டு மாப்பிள்ளையின் கோட்டுக் கையை மெல்ல ஆரம்பித்தது. ஓட்டை வழியாக அந்தம்மா தலையை நீட்டி, “ஐயோ, அடி பட்டிடுச்சா?” என்றாள். “எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா” என்றேன். “உங்களை யாரு கேட்டா?” என்றாள்.

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள் மச்சான்! பசுவை வாசல் வழியாக வெளியே தள்ள ஆறு பேர் வந்தார்கள். பசு போனது, கூடவே நிலைக்கதவும் போனது. சாயங்காலம் மேல்வீட்டம்மா மறுபடி எட்டிப் பார்த்து, “எங்க முத்தத்துல இவ்வளவு பெரிய ஓட்டையைப் போட்டு வெச்சிருக்கீங்களே, பிள்ளைங்க விழுந்தா யாரு பதில் சொல்றது? சீக்கிரம் அடைங்க” என்கிறாள். உங்கள் தங்கையோ, “அவங்க கேக்கறதும் நியாயந்தானே” என்கிறாள்! இப்போது இரண்டு பேரும் அந்த ஓட்டை வழியாகவே நாள் முழுக்கப் பேசுகிறார்கள், உப்பு வாங்குகிறார்கள், என்னைப் பற்றிச் சிரிக்கிறார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் தைக்கிறேன்.

பொறுத்தது போதும் என்று, மேலே மிதிக்கிறவனே கூரையைச் சரிசெய்ய வேண்டும் என வழக்கத்தை மாற்றச் சொல்லி ஊர்ப் பெரியவரிடம் முறையிட்டேன். உச்சி வீட்டுக்காரர், “முன்னோர் வெச்சதை மாத்துறதுக்கு நாம யாரு?” என்று கண் கலங்கினார். அவர் தலைக்கு மேல் வானம்தானே இருக்கிறது, கலங்காமல் என்ன? நடுவில் இருப்பவர்கள் ஒருவனுக்குக் கீழே, இன்னொருவனுக்கு மேலே. எல்லாரும் மதில்மேல் பூனைகள். எனக்குக் கீழே இருக்கும் பானைக்காரர் ஒருவர்தான், “அண்ணே, நீங்க சொல்றதுதான் நியாயம், நான் உங்க பக்கம்” என்றார். தங்கமான மனிதர். விவரம் தெரிந்தவர். ஆனால் இரண்டு குரல் போதாது. நீங்கள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர், உங்கள் பேச்சுக்கு இங்கே மதிப்பு உண்டு. வழக்கம் மாறாவிட்டால் உங்கள் தங்கையையும் தையல் மெஷினையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டுக் கூரைமேல் காக்காயைத் தவிர யாரும் நடக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நனைந்துகொண்டிருக்கும் உங்கள் மச்சான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் என் கூரைக்கு வேண்டிய உத்தரக் கட்டைகள் வந்துவிட்டன. ஆட்கள் அவற்றை என் முற்றத்தில் அடுக்கினார்கள். என் முற்றம் என்பது பானைக்காரரின் கூரை. மச்சான், அது இப்போது இல்லை. யாருக்கும் அடி படவில்லை. பானைகளைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த விவரங்கெட்ட மனிதர் கீழே நின்றுகொண்டு, “அண்ணே, நியாயம்னா நியாயம்தானே!” என்று ஊர் கேட்கக் கத்துகிறார். நிதானமாக யோசித்தால், முன்னோர் எதையும் காரணமில்லாமல் ஏற்படுத்தவில்லை. அதனால் நீங்கள் கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். வந்து மேல்வீட்டம்மா பக்கம் உட்காருங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.