அறுபத்து நாலாவது ஆள்

"இந்த ஆளை நான் நேர்ல பார்க்கணும்," என்று பேராசிரியை திரையில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

கோடு வாரத்துக்கு வாரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அறுபத்து மூன்று கோடுகள், படிய வாரிய தலைமுடி போல, ஒன்றையொன்று இடிக்காமல் லேசாக மேல்நோக்கிப் போயின. பேராசிரியைக்கு அவற்றின் மீது அக்கறை இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புரோகிராமர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அந்தக் கோடு அவருடையது.

உளவியல் துறையின் மூன்றாம் மாடியில் பதினோரு வருஷமாகப் புள்ளிவிவரப் புரோகிராம் எழுதுவது அவர் வேலை. மனிதர்களிடம் கேள்வி கேட்பது மற்றவர்களின் பொறுப்பு. வந்த பதில்களை அட்டவணையாக்கித் தருவது இவருடையது. அதனால் மாடி முழுக்க இவருக்கு 'டேபிள் சார்' என்றே பெயர். இந்தப் பதினோரு வருஷத்தில் அங்கே யாரும் இவரிடம், டேபிள் தயாரா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

இப்போது நடந்துகொண்டிருந்தது தனிமை பற்றிய ஆய்வு. தனியாக வாழ்பவர்களிடம் வாரம் ஒருமுறை பன்னிரண்டு கேள்விகள், எட்டு வாரம். அப்படிக் கேட்பதாலேயே தனிமை கொஞ்சம் குறைகிறதா என்று பார்ப்பது நோக்கம். குறைந்தால் கோடு மேலே போகும். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் களப்பணிப் பெண் ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பதில்களை வாங்கி, தன் கைக்கணினியில் ஏற்றிவிடுவார். வேண்டுமென்றால் ஒருவர் தன் ஃபோனிலேயே பதில் அனுப்பவும் வழி இருந்தது. அந்த வழி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் புரோகிராமர் தன்னையே அறுபத்து நாலாவது ஆளாகப் பதிவு செய்துகொண்டார். ஓடிபி வந்தாக வேண்டும் என்பதால் சொந்த எண்ணையே கொடுத்தார். மின்னஞ்சல் முகவரி மட்டும் புதிதாக உருவாக்கியது.

முதல் ஞாயிறு கண்ணை மூடிக்கொண்டு எதையோ அழுத்தினார். இரண்டாம் ஞாயிறு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், கேள்விகளைப் படித்தார். இந்த வாரம் யாராவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே யாருக்குத் தெரியும்? கடைசியாக எப்போது ஒருவர் உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்?

உண்மையைப் போட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டைகளை இஸ்திரி போட்டு முடித்துவிட்டு, விருந்தாளி வரும் நேரத்துக்குத் தயாராகிறவர் போல, முகம் கழுவிக்கொண்டு அந்தக் கேள்விகளின் முன்னால் உட்காரத் தொடங்கினார்.

சோதனைப் பதிவை அழித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் எந்தப் பதிவை யார், எத்தனை மணிக்கு அழித்தார் என்று பேராசிரியைக்கு உடனே கடிதம் அனுப்பும் ஏற்பாடு ஆய்வின் இணையத் தளத்தில் இருந்தது. போன வருஷம் அதை எழுதிக் கைதட்டல் வாங்கியவர் இவர்தான்.

தரவில் பொய்யான ஆளைச் சேர்த்தவர் என்று தெரிந்தால் வேலை போகும். இந்தத் தொழிலில் வேறு யாரும் வேலை தரவும் மாட்டார்கள். அதைவிடக் கொடுமை, அந்த ஆள் யாரென்று தெரிந்த பிறகும் இதே மாடியில் நடமாட வேண்டும். பேராசிரியை அறுபத்து நாலின் பதில்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

"பங்கேற்பாளர் யாருன்னு நாம தெரிஞ்சுக்கக் கூடாதே மேடம். விதி இருக்கே," என்றார் புரோகிராமர்.

"தெரிஞ்சுக்க வேண்டாம். வந்து பேசட்டும், போதும். மெயில் போடுங்க."

போட்டார். போட்டதை மாலையில் வீட்டுக்குப் போய்த் தானே பிரித்துப் படித்தார். மறுத்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று நினைத்து, "அழைப்புக்கு நன்றி. எனக்கு ஆட்களோடு பேசிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. வந்தாலும் உங்கள் நேரம்தான் வீணாகும்," என்று மரியாதையாகப் பதில் எழுதினார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பேராசிரியை அதை வாசித்துக் காட்டினார். கடைசி வரிக்கு வரும்போது குரல் கம்மியது. துறையின் மனநல ஆலோசகர் மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். இருபது வருஷத்தில் இப்படி ஒரு பதில் வந்ததில்லை என்றும், கட்டுரைக்கு இதையே தலைப்பாக வைக்கலாம் என்றும் பேச்சு எழுந்தது. என்ன நினைக்கிறீர்கள் டேபிள் என்று கேட்டார்கள். கொஞ்சம் மிகையாக எழுதியிருக்கிறார் போலத் தெரிகிறது என்றார் புரோகிராமர். எல்லோரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"எண்ணோடயே இருந்து இருந்து நீங்க இப்படி ஆயிட்டீங்க," என்றார் ஆலோசகர்.

மிச்சம் இருந்தது ஒரே வாரம். அறுபத்து நாலைக் குணப்படுத்திவிட்டால் அவன் மற்ற அறுபத்து மூன்று பேரோடு கலந்துவிடுவான், யாரும் தேட மாட்டார்கள் என்று புரோகிராமருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தாராளமாக அள்ளி விட்டார். நண்பர்கள் வந்தார்கள், மூன்று பேர். நாற்காலி போதவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பல முறை. காய்ச்சல் வந்தால் தெரு முழுக்கத் தெரியும்.

எழுதி முடித்தபோது அவருக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் நுழைந்தபோது மாடியே பரபரப்பாக இருந்தது. பேராசிரியை அறையில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். திரையில் அந்தக் கோடு பாதாளத்திலிருந்து ஒரே தாவாகக் கூரைக்குப் போயிருந்தது.

"நல்லாயிட்டார் போல," என்றார் புரோகிராமர்.

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். ஏழு வாரம் அடிமட்டத்தில் கிடந்தவர் ஒரே நாளில் இப்படிச் சந்தோஷப்பட்டால் அது நல்ல அறிகுறி இல்லையாம். ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்களுக்குத்தான் இப்படி மனம் லேசாகுமாம். பாதுகாப்பு விதிப்படி உடனே அவரைத் தொடர்பு கொண்டாக வேண்டும். ஃபோனில் பதிவு செய்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் எண் கையிலேயே இருந்தது.

ஆலோசகர் எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். துறையின் ஊழியர் பட்டியலில் இருக்கும் எண் அது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு முகத்திலும் சலனம் இல்லை.

புரோகிராமரின் கால்சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அவர் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரிங் போகுது மேடம். எடுக்க மாட்டேங்கிறார்."

"பக்கத்துல யாருமே இல்ல போல, பாவம்," என்றார் பேராசிரியை. பிறகு ஃபோனை வாங்கி ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்தார்.

பேருந்து நிறுத்தத்தில் புரோகிராமர் அதைக் கேட்டார். "உங்க முகம் எனக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலையில உங்க பதிலைத்தான் முதல்ல படிக்கிறேன். நீங்க இருக்கணும். அவ்வளவுதான் சொல்லணும்னு தோணுச்சு." பதினோரு வருஷத்தில் அந்தக் குரலில் பேராசிரியை இவரிடம் பேசியதே இல்லை. மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய பேருந்து போய்விட்டது.

நான் நலமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று ஒரு செய்தி அனுப்பினார். நலமாக இருப்பவர்கள் யாரும் அப்படி எழுதுவதில்லை என்று ஆலோசகர் சொல்லிவிட்டார்.

கடைசியில் பேராசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். பங்கேற்ற அறுபத்து நாலு பேரையும் நன்றி சொல்லும் சாக்கில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழைப்பது. பெயர் கேட்கக்கூடாது, எண் மட்டும். கூட்டத்தோடு கூட்டமாக அறுபத்து நாலும் வரக்கூடும். மற்ற அறுபத்து மூன்று பேரைக் கூட்டி வரும் பொறுப்பு களப்பணிப் பெண்ணுக்கு. அவர் தலையை ஆட்டினார். விடுபட்ட பதில் ஒன்றுகூட இல்லாமல் எட்டு வாரமும் தரவு கொண்டுவந்த பெண்ணுக்கு இது பெரிய காரியமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். புரோகிராமரும் அப்படித்தான் நினைத்தார். அவ்வளவு சுத்தமான தரவை அவர் தன் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை அவர் வேறு ஊரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

"சொல்லுடா, காதுல விழுந்துக்கிட்டுதான் இருக்கு," என்றாள் அக்கா. பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசில் ஒரு தப்பு நடந்துவிட்டது, நாளைக்கு ஒப்புக்கொள்ளப் போகிறேன், வேலை போனாலும் போகலாம் என்று இவர் சொல்லி முடித்தார். நல்லதுடா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அவள் வைத்துவிட்டாள். அந்த இயந்திரம் கடைசிச் சுற்றில் போடுகிற சத்தம் அவருக்குத் தெரியும். அதனால் கோபம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கருத்தரங்க அறையில் அறுபத்து நாலு நாற்காலிகள் போடப்பட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் ஒட்டியிருந்தது. ஓரத்து மேசையில் டீயும் பிஸ்கட்டும். கூட்டம் நிறைந்ததும் எழுந்து சொல்லிவிடலாம் என்று புரோகிராமர் முடிவு செய்திருந்தார். அத்தனை பேர் நடுவில் சொன்னால் அவமானம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

மூன்றாயிற்று. மூன்றே காலாயிற்று. யாரும் வரவில்லை. மூன்றே முக்காலுக்கு, வழி தெரியாமல் நிற்கிறார்களோ என்று பார்க்கப் பேராசிரியையும் ஆலோசகரும் கீழே வாசல் கேட்டுக்குப் போனார்கள். போகும்போது பேராசிரியை, அந்த அறுபத்து நாலு மட்டும் வந்தால்கூடப் போதும் என்று முணுமுணுத்தது இவர் காதில் விழுந்தது.

புரோகிராமர் கடைசி வரிசைக்குப் போய்த் தன் எண் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அறுபத்து மூன்று நாற்காலி முதுகுகள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பேராசிரியையின் முகம் எப்படி மாறும் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோனது.

கதவைத் திறந்துகொண்டு களப்பணிப் பெண் வந்தார். தோளில் பை, கையில் மடக்கிய குடை. முகம் வெளிறியிருந்தது.

"மேடம் இல்லையா சார்?"

"கேட்டுல நிக்கிறாங்க. உங்க ஆளுங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க."

"வர மாட்டாங்க சார்."

தன் பதிலைக் காப்பி மெஷின் பக்கம் ஒட்டி வைத்த விஷயம் வெளியே தெரிந்து, ஆட்கள் பயந்துவிட்டார்கள் என்று புரோகிராமர் முடிவு கட்டினார். யாரிடமாவது முதலில் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"தப்பு என்மேலதான்," என்று தொடங்கினார். "அந்த அறுபத்து நாலைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் அவரைப் பத்திதான் சார் பேச வந்தேன்."

அந்தப் பெண் அறுபத்து மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். முதல் வாரம் நாற்பது வீட்டுக் கதவைத் தட்டியதாகச் சொன்னார். பாதி திறக்கவில்லை. திறந்தவர்கள் தனிமை என்ற வார்த்தையைக் கேட்டதும், எங்களுக்கென்ன குறை என்று சாத்திவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பினால் ஒப்பந்தம் ரத்தாகும். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதில்களைத் தானே எழுத ஆரம்பித்தவர், எட்டு வாரமும் அப்படியே எழுதிவிட்டார். ரொம்ப வருத்தமாக எழுத மனசு வராததால் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினாராம்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு புரோகிராமர் பக்கம் திரும்பினார்.

"என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்ல சார். அந்த அறுபத்து நாலை மட்டும் விட்டுடாதீங்க, எப்படியாவது தேடிக் கண்டுபிடிங்க. அறுபத்து நாலு பேர்ல நான் எழுதாத ஆள், நிஜமாவே எங்கேயோ இருக்கிற ஆள், அவர் ஒருத்தர்தான்."