நாசில் அண்ணன் அச்சடித்த என் முகம்

திருப்பூரில் பனியன் போட்டவனை உள்ளே விடாத ஒரே மனிதர் எங்கள் நாசில் அண்ணன்தான். ஊரே பனியனால் சோறு தின்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் தலையைப் பார்த்தால் அதிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரில், நல்லூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டின் கதவில், 'காட்டன் பனியன் அணிந்தவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று எழுதி ஒட்டிய அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? நான் அங்கே மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற பையருக்கும் அடித்துக்கொடுக்கிற யூனிட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்குச் சம்பளம் கொடுப்பார்களே, அந்த வேலை.

விஷயம் இதுதான். இங்க்ஜெட் மெஷினின் 'ஹெட்' என்கிற தலையில் முடியைவிட மெல்லிய துளைகள் வரிசை வரிசையாக இருக்கும். அவற்றின் வழியாகத்தான் இங்க் பொடித் துளிகளாகப் பேப்பரில் விழும். அந்தத் துளைக்குத்தான் நாசில் என்று பெயர்; மெஷின் ஓட்டுகிற அண்ணனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு பஞ்சுப் பிசிறு போய் ஒன்றை அடைத்தாலும் அச்சில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அண்ணன் அந்தக் கோட்டைக் கண்டால், நாங்கள் அவருடைய சொத்தில் கால் வைத்ததுபோலக் குதிப்பார். காலையில் வந்ததும் 'சாப்பிட்டீங்களா' என்று யாரையும் கேட்டதில்லை, 'இன்னிக்கு என்ன துணி போட்டிருக்கறீங்க' என்றுதான் கேட்பார். அவர் மட்டும் சித்திரை வெயிலிலும் பாலியஸ்டர் சட்டையில் திரிவார்.

ஒருமுறை பையருடைய ஆள் பெங்களூரிலிருந்து யூனிட்டைப் பார்க்க வந்தார். எங்கள் முதலாளி ஆசையாகப் பரிசளித்த புது காட்டன் டீ-ஷர்ட்டை அப்போதே போட்டுக்கொண்டு வந்து நின்றார். அண்ணன் வாசலிலேயே மறித்து, அவருக்கு ஒரு மழைக்கோட்டை மாட்டிவிட்டார். வெளியே ஒரு சொட்டு மழை கிடையாது. அந்த மனிதர் கழுத்துவரை பட்டன் போட்ட மழைக்கோட்டோடு மெஷினைச் சுற்றிப் பார்த்து, அதே கோலத்தில் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. திட்டு எனக்கு.

பேப்பர் ரூமின் கதை இன்னும் மோசம். நாங்கள் அடிப்பது விளையாட்டு ஜெர்சி. படத்தை முதலில் பேப்பரில் அச்சடித்து, அதைத் துணியோடு சேர்த்துச் சூடான உருளையில் அழுத்தினால் நிறம் துணிக்கு ஏறிவிடும். அந்தப் பேப்பர் உருளைகள் இருக்கிற அறைக்குத்தான் ஏசி. மனிதர்களுக்கு ஃபேன், அதுவும் லொடலொடவென்று தலைக்கு மேல் ஆடுகிற ஃபேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"பேப்பருக்கு ஈரம் ஏறக் கூடாதுங்க அம்மிணி. ஏறுனா ஓரம் சுருண்டு எந்திரிக்கும், போய் ஹெட்டுல இடிக்கும்" என்றார்.

"எங்களுக்கு வேர்க்குதேண்ணா?"

"நீங்க தொடைச்சுக்கலாமுங்க."

இங்க் விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நினைக்க வேண்டாம். கேண்டீன் தாளிப்பு வாசத்தில்தான் இங்க் கெட்டியாகிறது என்று ஒரு மாதம் சாதித்தார். கேண்டீன் அக்கா கடுகையும் வாணலியையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் புகையில் கண்ணைக் கசக்கினார். அதற்குப் பிறகும் நாசில் அடைத்தது. கடைசியில் பார்த்தால், அண்ணன் பாட்டிலை மூடாமலே வைத்துவிட்டுப் போகிறார். மன்னிப்புக் கேட்டாரா? மூடி செய்தவன் சரியாகச் செய்யவில்லை என்று அவனுக்குச் சாபம் விட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் கல்யாண பேனர் போய் மாட்டியது.

மாப்பிள்ளை சோமனூர். முதலாளி பெரிய மனது பண்ணி, மண்டப வாசலுக்குப் பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ் வேண்டாம், நம் யூனிட்டிலேயே துணியில் அடித்துக்கொடுக்கிறேன் என்றார். எங்கள் அப்பாவின் அக்கா, மங்கலத்து அத்தை, பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து இறங்கினார். ஸ்டுடியோக்காரன் அதிலிருந்த என் படத்தில் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். நான் கறுப்பு. மாநிறம் என்று சொல்லி நழுவுகிற வழக்கம் எனக்கு இல்லை. படத்தில் இருந்தவளோ உரித்த முட்டைபோல இருந்தாள். மூக்கு மட்டும்தான் என்னுடையது. மாப்பிள்ளை நேரில் வந்து, பார்த்து, பேசி, சம்மதம் சொல்லிவிட்டுப் போனவர். பிறகு யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள்? இந்த ஊரில் எந்த மண்டப வாசலை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வெயிலில் காய்ந்து உழைக்கிற குடும்பத்துப் பெண்ணெல்லாம் பேனரில் மட்டும் பனிப் பிரதேசத்தில் பிறந்திருப்பாள். வெட்கம் வேண்டாமா நமக்கு?

அண்ணன் சின்னதாக ஒரு சேம்பிள் அடித்தார். என்னைக் கூப்பிட்டார். துணியின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு விளக்கு வைத்த பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் என் தலையை விடச் சொன்னார். என்ன ஏது என்று புரிவதற்குள் நான் தலையை விட்டுவிட்டேன். என் கன்னத்துக்குப் பக்கத்தில் சேம்பிளைப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது வேற ஆளுங்க. அடிக்க மாட்டனுங்க."

அத்தைக்குச் சுருக்கென்றது. "அடிக்கறது உங்க வேல. நெறத்தப் பத்தி உங்களுக்கென்னங்க?"

"நெறந்தானுங்க என்ற வேல. அப்ரூவல் வாங்குன சேம்பிள் ஒண்ணு, அனுப்பற சரக்கு லாட் ஒண்ணுன்னா கண்டெய்னரே திரும்பி வந்துருமுங்க."

"எங்க புள்ள என்ன சரக்காங்க?"

அத்தை கேட்டது நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது என் தலை பெட்டிக்குள்தான் இருந்தது. என் முகத்துக்காக இரண்டு பேர் மல்லுக்கு நிற்கிறார்கள். முகத்துக்குச் சொந்தக்காரியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையை வெளியே இழுத்தேன்.

"என்ற மூஞ்சி என்ற மூஞ்சியாவே இருக்கட்டும் அத்தை. இல்லீன்னா பேனரே வேண்டாம்."

அத்தை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். "ஒறம்பரைக எல்லாம் வருவாங்க கண்ணு. இப்படி ஒரு புள்ளையான்னு பேசிப்போட்டுப் போவாங்க. அத உன்னால தாங்க முடியாது சாமி." அவர் அழுததில் பொய் இல்லை. அத்தையும் என் நிறம்தான். அவருடைய கல்யாணத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நான் அதுவரை கேட்டதில்லை.

அண்ணன் ஸ்டுடியோக்காரனின் கைவண்ணத்தை நீக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஜெர்சி ஆர்டர் காத்துக் கிடந்தது. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். இவரோ என் நிறத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கறுப்பு இங்க்கை மட்டும் கூட்டினால் கரியாகிவிடுமாம். சிவப்பும் மஞ்சளும் ஏற வேண்டுமாம், நீலம் கொஞ்சம் தொட்டுக்கொள்ள வேண்டுமாம். அடித்தார், கிழித்தார், மறுபடி அடித்தார். ஒரு பேப்பர் சுருண்டு ஹெட்டில் இடித்தபோது, மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். வானிலை அறிவிப்பும் மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்த்தி என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசிப் பேப்பர் வெளியே வந்ததும் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இந்த இங்க் பேப்பரில் இருக்கும்போது மங்கலாக, சாம்பல் பூத்ததுபோலத்தான் தெரியும். சூடு பட்ட பிறகுதான் நிறம் எழும்பும். இதை அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனிதர்?

"கறுப்பா அடிச்சாக்கூடப் பரவால்லீங்க, செத்துப்போனவளாட்ட அடிச்சிருக்கறீங்களே" என்று அத்தை கதறினார். அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. பேப்பரைத் துணியோடு சேர்த்து உருளைக்குள் விட்டார்.

மறுபக்கம் துணி வந்தது. என் முகம் வந்தது. நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் என் நிறம். அதுவரை எந்தப் போட்டோவிலும் நான் அப்படி இருந்ததில்லை. துணியின் சூடு ஆறுவதற்குள் சந்தோஷத்தில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, கம்மல் நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அத்தை விடுவாரா? முகூர்த்தத்தன்று விடியற்காலையில் பார்லர் பெண் ஒருத்தியை அழைத்து வந்துவிட்டார். தூக்கக் கலக்கத்தில் நான் முகத்தைக் கொடுத்தேன். அவள் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனாள். விளைவு, வாசல் பேனரில் ஒருத்தி, மேடையில் இன்னொருத்தி. சோமனூர்க்காரர்கள் பெண் மாறிவிட்டதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நாசில் அண்ணன் பாலியஸ்டர் சட்டையில் மேடையேறி என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்த்துவார் என்று தலை குனிந்தேன்.

"மொதலாளி, லாட் மாறிப்போச்சுங்க" என்றார், மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில்.

எந்த ஊரில் நடக்கும் இந்த அக்கிரமம்? கல்யாணப் பெண்ணை மேடையில் வைத்து ரிஜெக்ட் செய்கிறார் ஒரு மெஷின் ஆபரேட்டர். கோபத்தில் எழுந்துபோய் மூஞ்சியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து, "இப்பத்தான் நிம்மதி. மண்டபம் மாறி உக்காந்துட்டனோன்னு பயந்தே போயிட்டேன்" என்றார். தாலி அந்த முகத்துக்குத்தான் ஏறியது.

போன வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செய்த முதல் காரியம், குழந்தையின் காது மடலைத் திருப்பி நிறம் பார்த்தது. போகப்போக வெளுத்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். குங்குமப்பூ சாப்பிடவில்லையா என்று சிலர் விசாரித்தார்கள். பேர் வைத்து, தொட்டிலில் போட்ட பிறகும் அதே பேச்சுதான். அப்போதுதான் நாசில் அண்ணன் வந்தார். நிறத்தைத் தவிர வேறெதுவும் பேசத் தெரியாதவர். வாயைத் திறக்கட்டும், இன்றைக்கு உண்டு இல்லை என்று பார்த்துவிடலாம் என்று நானும் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு என்னங்க அம்மிணி வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டார்.

என் மகளின் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.