ஆட மறுத்த பனியன் துண்டு

துணி ஆடவே இல்லை. மோகன்ராஜ் மறுபடியும் இரண்டு உதடுகளையும் இறுக மூடி, உள்ளே காற்றைச் சேர்த்து, பட்டென்று திறந்தான். “போலோ!”

வாய்க்கு முன்னால் பிடித்திருந்த பனியன் வேஸ்ட் துண்டு ம்ஹூம் என்றிருந்தது. ஆங்கிலத்து ‘பி’ (P) காற்றோடு வெடிக்க வேண்டும், எதிரே பிடித்த துணி ஆட வேண்டும் என்பது அவன் செல்போனில் பார்க்கும் உச்சரிப்பு வகுப்பின் முதல் பாடம். நம் ‘ப’வுக்கு அந்த வேகம் கிடையாது.

முதலிபாளையம் பனியன் கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். பன்னிரண்டு மணிக்கு, போலோ டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுக்க வெளிநாட்டு பையர் வருகிறார். அவரிடம் பேச வேண்டிய மெர்ச்சண்டைசரோ போன வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

“கண்ணு, இன்னைக்கு நீ இங்கிலீசுல சமாளிச்சுட்டீன்னா அந்த மெர்ச்சண்டைசர் சீட்டு உனக்குத்தான். இல்லீன்னா மறுக்கா கட்டிங் டேபிளுக்கே போயிரு” என்றிருந்தார் முதலாளி கிட்டுசாமி.

எட்டு வருஷமாகக் கனவு கண்ட சீட்டு! பரபரப்பில் அவனுக்குக் காலை இட்லிகூட இறங்கவில்லை.

“போலோ!” துணி பறந்தது. மோகன்ராஜ் துள்ளிக் குதித்தான். திரும்பினால், லைன் சூப்பர்வைசர் சித்ரகலா நின்றிருந்தாள்.

“ஏனுங்க சார், இது பையர் போட்ட புது கம்ப்ளையன்ஸ் ரூலுங்களா?”

அவன் அடுத்த பாடமான ‘எஃப்’புக்காக மேல்பல்லைக் கீழுதட்டில் பதித்திருந்தான். எடுத்தால் நிலை தவறிவிடுமே என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தான். வந்தது வினை. பையர் வருகிற நாளில் மாஸ்க் போடு, தொப்பி போடு, சிரி என்று எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்து பழகிய லைன் அது. ஐந்தே நிமிடத்தில் நாற்பது டெய்லர்களின் வாய்க்கு முன்னாலும் பனியன் துண்டு தொங்கியது.

மோகன்ராஜ் அப்போது ‘வி’யில் இருந்தான். ‘எஃப்’புக்கும் ‘வி’க்கும் பல்லும் உதடும் ஒரே இடம்தான், தொண்டை அதிர்ந்தால் அது ‘வி’. அதிர்கிறதா என்று தொண்டையில் வைத்த கையை எடுக்காமலே பதறி ஓடினான். “ஐயோ, அதையெல்லாம் கழட்டுங்க!”

மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? “சார் தொண்டையில கை வெக்கச் சொல்றாருங்க, எல்லாரும் வைங்க!” என்றாள் சித்ரகலா.

லைன் முழுக்கத் தொண்டையில் கை. கத்திக் கத்தி மோகன்ராஜுக்குக் குரல் கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சரி, நாக்காவது மிச்சம் இருக்கிறதே என்று ‘தேங்க் யூ’வுக்காக அதன் நுனியைப் பற்களுக்கு நடுவே நீட்டினான். நூல் பிசிறு வெட்டும் ராமுத்தாய் அதைப் பார்த்துவிட்டாள்.

“எய்யா, பொரையேறிருச்சா?” முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பல் நறுக்கென்று நாக்கில் இறங்கியது.

வாசலில் கார் வந்து நின்றது.

நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டு அம்மையார் இறங்கினார். கூடவே, பையர்களைக் கம்பெனிகளுக்குக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரி விஜயராணி. உள்ளே வந்ததும் அம்மையார் சித்ரகலாவின் வாயை மறைத்த துணியை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கிட்டுசாமி மோகன்ராஜை முறைத்தார்.

மோகன்ராஜ் சாம்பிளை எடுத்தான். குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது. போனால் போகட்டும் என்று படித்ததையெல்லாம் வாயில் இறக்கினான். உதட்டை இறுக்கித் திறந்தான், பல்லைப் பதித்தான், வலிக்கிற நாக்கை நீட்டினான். இருபது நிமிடம் சாம்பிளைப் பற்றிப் பேசியும் வந்தது வெறும் காற்று. அம்மையார் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

முடிந்ததும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

கிட்டுசாமிக்குத் தலை சுற்றியது. “ஏனுங்க அம்மிணி, இவனுக்குச் சத்தமே வரலீங்களே!”

விஜயராணி சிரித்தாள். “மேடத்துக்குச் சின்ன வயசுலயே காது போயிருச்சுங்க, ஒதட்டைப் பாத்துத்தான் பேச்சைப் படிப்பாங்க, நேத்திருந்து ஏறி எறங்குன ஆறு கம்பெனியில, இவரு ஒருத்தர் பேசுனதுதான் ஒரு எழுத்து விடாமப் புரிஞ்சுதுங்களாம்!”