நாலு மணித் தோணி

தோணியில் இருந்தவள் திரும்புவதற்கு இன்னும் அரை நொடிதான் இருந்தது. தோள்பட்டை அசைந்துவிட்டது. பின்னலில் வைத்திருந்த கனகாம்பரம்கூட லேசாக ஆடியது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி "டிங்" என்றது. ஏசி தானாகவே இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் வீரமுத்துவின் கழுத்தில் வேர்வை ஊறியது. கடல் வற்றிப்போய் அந்த இடத்தில் கட்டில் வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தார். மணி நாலு. அறை வாசலில் அவர் மனைவி கலையரசி டீயோடு நின்றிருந்தாள்.

"இன்னிக்குமா?" என்றாள்.

"இன்னிக்கும்தான். அவ இந்தப் பக்கம் திரும்பப் போனா கலை. நூலிழையில போச்சு."

"பாவம் நீங்க. இந்தப் பெட்டிக்காரங்களுக்கு நேரங்காலமே தெரியலை" என்று டம்ளரை நீட்டினாள். நீட்டிய கையின் முழங்கையில், கல்யாணமான புதிதில் தோசைக்கல் சுட்ட தழும்பு பிறை மாதிரி தெரிந்தது. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற தழும்பு. அதனால் வீரமுத்து அதைப் பார்க்கவில்லை.

வீரமுத்து அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். இரண்டு மாதமாக இரவு ஷிப்ட். பெரம்பலூரில் சாயங்காலம் பஸ் ஏறினால் மறுநாள் காலை ஏழரைக்குத்தான் வீடு. குளித்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் பத்து மணி போலப் படுத்தால் வெயில் இறங்கும்வரை தூக்கம். பகலில் தூங்குகிறவருக்கு இரவைச் செய்துகொடுப்பது ஏசிதான்.

அந்தச் செய்துவைத்த இரவில்தான் கனவு வந்தது. அரியலூர் எந்தக் காலத்திலோ கடலாக இருந்த ஊர். ஆலைக்குக் கல் வெட்டும் சுரங்கத்தில் இன்றைக்கும் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கும். கனவில் அந்தக் கடல் திரும்பி வந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு தண்ணீருக்குள் பச்சையாகத் தெரியும். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் மீன்கள் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் மேலே ஒரு தோணி, தோணியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். வீரமுத்து கழுத்தளவு தண்ணீரில் அவளை நோக்கி நடப்பார். நீச்சல் தெரியாத மனிதர், ஆனால் துளி பயம் இருக்காது. விழித்திருக்கும்போது அப்படியொரு நிம்மதி அவருக்கு வாய்த்ததே இல்லை. அவள் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று ஏங்கினார்.

இதை அவர் கலையரசியிடம் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. தூக்கத்தில் அவர் "திரும்பு, இந்தப் பக்கம் திரும்பு" என்று பேசுவது சமையல்கட்டு வரைக்கும் கேட்கிறது என்று சொன்னதே அவள்தான். முழுக் கனவையும் கேட்டுவிட்டு ஆசையாக ஒன்று கேட்டாள்.

"அது நான்தானே?"

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் யோசிக்காமல் ஆமாம் என்றிருப்பான். வீரமுத்துவோ இருபது வருஷமாக ஆலை மீட்டரில் முள் காட்டுவதை மட்டும் சொல்லிப் பழகியவர்.

"முகத்தைப் பாக்காம எப்படிச் சொல்றது கலை? பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் இன்னும் கொஞ்ச நேரம் கவனித்திருக்கலாம். ஆனால் தூக்கம் வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம்தான் பெட்டி வந்தது. வெயில் நாளில் ஊரே சேர்ந்து ஏசியும் மோட்டாரும் போட்டால் லைன் தாங்காது, கரண்டை மொத்தமாக நிறுத்த வேண்டி வரும். அதற்குப் பதிலாக, நெருக்கடி நேரத்தில் பெட்டிக்கு ஒரு சிக்னல் வரும். அதைக் கேட்டு ஒவ்வொரு வீட்டுச் சாமானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஏசி சூட்டை ஏற்றிக்கொள்ளும், ஹீட்டர் அணைந்துகொள்ளும், யார் வீட்டிலும் விளக்கு மட்டும் அணையாது. ஒரு கம்பெனி இந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டது. மாட்ட வந்த பானுப்ரியா என்ற பெண் அரை மணி நேரம் உட்கார்ந்து கலையரசியின் போனில் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வீரமுத்து அப்போது கழுத்தளவு தண்ணீரில் இருந்தார்.

எழுந்ததும் விவரம் கேட்டுப் பெருமைப்பட்டார். ஊருக்காக ஆறு டிகிரி விட்டுக்கொடுப்பது ஒரு பெரிய விஷயமா என்று எதிர்வீட்டுக்காரரிடம்கூடப் பேசினார். மறுநாள் நாலு மணிக்குத்தான் தெரிந்தது, அது பெரிய விஷயம் என்று.

இன்னும் பத்து நாளில், ஒரு திங்கட்கிழமை, அவருக்கு ஷிப்ட் பகலுக்கு மாறுகிறது. அப்புறம் பகல் தூக்கம் போச்சு, கடலும் போச்சு. கையில் இருப்பது அவ்வளவுதான்.

முதலில், பெட்டியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்தினால் அன்றைய சிக்னல் ரத்தாகி ஏசி பழையபடி குளிரும். குளிர்ந்தது. திரும்பப் படுத்தார். ஆனால் தோணி அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி ஒரு கனவு வந்தது, அதிலும் அவர் முறை வரவில்லை. மூன்று நாள் இப்படியே ஆனது.

"இனிமே அழுத்த முடியாதுங்க. மாசத்துக்கு மூணு வாட்டிதான்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றாள் கலையரசி.

"அப்ப முன்கூட்டியே குளிர வெச்சிட வேண்டியதுதான். ரூம் ஐஸா இருந்தா, நாலு மணிக்கு அவன் என்ன ஏத்தினாலும் சூடு வர அஞ்சாயிடும்."

காலையிலிருந்தே பதினாறில் வைத்து, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். கனவிலும் கடல் விறைத்துப்போனது. அதுவரை முதுகை மட்டும் காட்டியவள் அன்றைக்குச் சால்வையால் தலையையும் மூடிக்கொண்டாள். அடுத்த கணம் பெட்டி "டிங்" என்றது. மணி மூன்று. வீரமுத்து தும்மிக்கொண்டே எழுந்தார். கம்பளி இரண்டும் தைல வாசனை, மூக்கு இரண்டும் அடைப்பு.

மறுநாள் குளிக்காமல்கூட எட்டு மணிக்கே படுத்துவிட்டார். நெருக்கடி நேரம் வருவதற்குள் கனவை முடித்துவிட்டால் தீர்ந்தது. கனவும் ஒத்துழைத்துப் பதினோரு மணிக்கே வந்தது. "திரும்பு" என்றார். "டிங்" என்றது.

"பதினோரு மணிக்கு என்ன நெருக்கடி?" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

அறைக்கு வெளியே நாற்காலியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கலையரசி, போனை முறத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். "வெயில் அப்படிங்க. எல்லாரும் காலையிலயே ஏசியப் போட்டுடுறாங்களாம்."

"என் கனவுக்கே மீட்டர் வெச்சிருக்கான் கலை. எங்க ஆலையில இவ்வளவு கரெக்டா ஒரு மெஷின் கிடையாது."

பக்கத்து வீட்டு உண்ணாமலைக்கும் இப்படி ஆகிறதா என்று விசாரித்தார். உண்ணாமலை சின்ன வெங்காயம் பயிரிட்டுப் பாடாலூர்ச் சந்தையில் விற்பவள்.

"உங்க வூட்டு ஃபிரிட்ஜ் அப்பப்ப நிக்குதாக்கா?"

"அது எப்ப ஓடுச்சு தம்பி, நிக்கிறதுக்கு? அதுல நான் பட்டுப்புடவை வெச்சிருக்கேன்" என்றாள்.

வியாழக்கிழமை, வீரமுத்து தன் இருபது வருஷ அனுபவத்தை வெளியே எடுத்தார். அதுதான் வினை. பெட்டியின் அடியில் இரண்டு பெரிய பிளக் இருந்தன. ஒன்று ஏசிக்கு, மற்றது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர்வெல் மோட்டாருக்கு. மத்தியானம் இரண்டரைக்கு எழுந்து, கலையரசிக்குத் தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றிச் செருகினார். இனி ஏசிக்கு வருகிற சிக்னல் மோட்டாருக்குப் போகும். டிகிரியை ஏற்று என்றால் மோட்டார் என்ன செய்யும்? அதற்கு ஏது டிகிரி? ஏசி சிக்னலை ஏற்றுக்கொண்டால்தானே பெட்டியும் "டிங்" என்னும்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு படுத்தார்.

ஒன்றை மறந்துவிட்டார். தொட்டி நிரம்பினால், மோட்டாருக்கு என்று வைத்த இடத்தில் பெட்டி தானாகக் கரண்டை நிறுத்திவிடும். ஏசிக்கு என்று வைத்த இடத்தில் அது எப்போதும் நிறுத்துவதில்லை.

அவருடைய கம்பளிகளைத் துவைத்ததில் அன்றைக்குத் தொட்டி காலி. பூமிக்கு அடியில் ஓடுகிற மோட்டார் என்பதால் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாலு மணிக்குக் கடல் வந்தது. அன்றைக்கு அது தெளிவாக, வெதுவெதுப்பாக இருந்தது. தோணி நகரவில்லை. வீரமுத்து கை எட்டும் தூரத்துக்குப் போய்விட்டார். "திரும்பு" என்றார். எந்த டிங்கும் கேட்கவில்லை. தோணியில் இருந்தவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட வலது கையைத் தூக்கினாள். முழங்கையில் ஒரு தழும்பு. பிறை மாதிரி.

வீரமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்னும் முகம்தான் பாக்கி.

அந்தச் சமயம் தொட்டி நிரம்பியது. பெட்டி தன் கடமையைச் செய்தது. மோட்டார் என்று நம்பி ஏசியை அணைத்தது. புழுக்கத்தில் அவர் விழித்தார். கடல் போய்விட்டது, ஆனால் கடல் சத்தம் மட்டும் நிற்கவில்லை. சற்று நேரம் அதை ரசித்துக்கொண்டே படுத்திருந்தார்.

"தம்பி, உங்க வூட்டுத் தொட்டி என் வெங்காயத்து மேல கொட்டுது" என்று வெளியே உண்ணாமலையின் குரல் கேட்டது.

அடுத்த சாகுபடிக்கு என்று அவள் காயவைத்திருந்த மூன்று மூட்டை விதை வெங்காயம் கணுக்கால் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கலையரசி ஒரு கையில் போனோடு ஓடிவந்தாள். அவள் முகத்தில் ஏதோ குழப்பம். வெள்ளத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குழப்பம் இருந்தது.

உண்ணாமலை சண்டை போடவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நனைஞ்சது இனி விதைக்கு ஆகாது. உரிச்சு வடகம் போட்டுடலாம். ரெண்டு பேரும் உக்காருங்க" என்றாள். வீரமுத்து ஆலைக்கு லீவு சொன்னார். மூவரும் உட்கார்ந்து உரித்தார்கள். கலையரசி கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது.

"அழுவுறியா?"

"வெங்காயம்ங்க" என்றாள். குனிந்தபடியே கேட்டாள். "இன்னிக்குப் பாத்துட்டீங்களா?"

தழும்பைச் சொல்லிவிட அவருக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் பாதி பார்த்ததை வைத்துச் சொன்னால் அது என்ன ரிப்போர்ட்?

"முகம் தெரியலை. இன்னும் கொஞ்சந்தான். பாத்துட்டு மொத்தமாச் சொல்றேன்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வீரமுத்து பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குத் தன் போனிலிருந்தே பேசினார். "எதுக்குங்க அந்தப் பொண்ணை இந்த வெயில்ல அலைய விடுறீங்க? ரெண்டு நாள்ல ஷிப்டே மாறப்போவுது" என்று கலையரசி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

பானுப்ரியா சனிக்கிழமை காலையில் வந்தாள். பிளக்குகளைச் சரியாக மாட்டினாள். யார் மாற்றியது என்று கேட்டாள். வீரமுத்து காதில் விழாத மாதிரி இருந்தார். அவள் டேப்லெட்டைப் பெட்டியோடு இணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கலையரசி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சமையல்கட்டு வாசலிலேயே நின்றாள்.

"என்ன சார் பிரச்னை?"

"உங்க திட்டத்தை நான் குத்தம் சொல்லலைம்மா. ஊருக்கு நல்லதுதான். நாளைக்கு ஒரு நாள் மட்டும் எங்க வீட்டு ஏசிய விட்டுடச் சொல்லு. மத்த வீடெல்லாம் கொஞ்சம் கூடுதலா விட்டுக்கொடுக்கட்டும். அஞ்சு நிமிஷம் போதும்."

"அஞ்சு நிமிஷத்துல என்ன சார் பண்ணப்போறீங்க?"

வீரமுத்து கொஞ்சம் கூச்சப்பட்டார். அப்புறம், முன்பின் தெரியாதவர்களிடம்தான் சில விஷயங்களைச் சொல்ல வரும் என்பதால் சொன்னார்.

"ஒரு கனவும்மா. தோணியில ஒருத்தி. மூஞ்சியைக் காட்டவே மாட்டேங்கிறா. ஆனா வியாழக்கிழமை கையைத் தூக்கினப்பப் பாத்தேன், முழங்கையில தோசைக்கல் சுட்ட தழும்பு. அது இந்த உலகத்துலயே ஒருத்திக்குத்தான் இருக்கு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் முகத்தையும் பாத்துட்டு அவகிட்ட முழுசாச் சொல்லணும்னு இருக்கேன். அவ ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கா."

சமையல்கட்டு வாசலில் டம்ளர் ஒன்று கீழே விழுந்து உருண்டது. கலையரசி அதை எடுக்கவில்லை. வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்தத் தடவை பக்கத்தில் வெங்காயமும் இல்லை.

பானுப்ரியா இது எதையும் பார்க்கவில்லை. டேப்லெட்டில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்.

"சார், எங்க திட்டமே அடுத்த மாசம்தான் ஆரம்பிக்குது, நாங்க இன்னும் ஒரு சிக்னல்கூட அனுப்பலை, இங்க வந்திருக்கிறது எல்லாம், பழகிப் பாக்கிறதுக்குன்னு அக்கா போன்ல நான் வெச்சுக்குடுத்த பட்டன்லேருந்துதான் வந்திருக்கு."